மிதப்பது விளையாட்டன்று

என் மாணவன் ஒருவனின் வீட்டில் ஆக்சலாட்டல் இரண்டு நாள்களாக மிதந்தது. “விளையாடுகிறது, ஐயா” என்றான். காற்றை விழுங்கிச் சிறிது நேரம் மிதப்பது அதற்கு இயல்பே. ஆனால், அடிக்கு இறங்க முடியாமல் தவித்தால் மலச்சிக்கலோ, விழுங்கிய கூழாங்கல்லோ, நீரில் சேர்ந்த அம்மோனியாவோ காரணமாகலாம். கற்களை அகற்றுங்கள், குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள், தேறாவிடில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவற்றைச் செய்துவிடலாம். வெப்பத்தை என்ன செய்வது? மெக்சிகோவின் சொச்சிமில்கோ ஏரிப்பகுதி உயிரியான இதற்கு 16 முதல் 18 பாகை செல்சியசே உகந்தது. 24-ஐத் தாண்டினால் நலிவுறும். அம்மாணவன் வீட்டுத் தொட்டியில் வெப்பமானி 29 காட்டியது. மலேசியாவில் வேறென்ன காட்டும்? நீர்க்குளிரூட்டி இரவும் பகலும் ஓட வேண்டும். அச்செலவுக்கு இயலாத பெற்றோர், பிள்ளை அழுதாலும் வாங்கித் தராதிருப்பதே நன்று என்பேன். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் வகுப்பறைக்கு இது வேண்டவே வேண்டாம், ஆசிரியர்களே.