மகளுக்குக் கையெழுத்துப் போடுங்கள்!



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைச் சீமை எளிதில் மறந்துவிடாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்தது. நெல்லை சந்திப்புப் பகுதி வெள்ளக்காடானது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தையே தண்ணீர் சூழ்ந்தது. அந்நேரத்தில் சாதி, மதம் பாராமல் இடுப்பளவு நீரில் இறங்கி உணவுப் பொட்டலம் சுமந்தவர்களில் நம் சமுதாய இளைஞர்களும் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் ஒரு கேள்வி. வெள்ளம் புகுந்த வீட்டில் கால் முறிந்து கிடக்கும் பெண்ணுக்கு யார் கட்டுப் போடுவது? மயங்கி விழுந்த கர்ப்பிணியை எப்படித் தூக்குவது என்று தெரிந்த பெண் நம் தெருவில் எத்தனை பேர்? வீட்டு ஆண்கள் சவூதியிலும் துபாயிலும் சென்னைக் கடைகளிலும் இருக்கிறார்கள். பெண் மய்யித்தைக் குளிப்பாட்டப் பெண்தான் வேண்டும் என்பதில் நாம் உறுதியாக நிற்கிறோம். உயிரோடு இருக்கும் பெண்ணின் காயத்தைக் கழுவவும் ஒரு பெண் வேண்டாமா? அவளை நாம் எங்கே உருவாக்கினோம்?

அந்தப் பயிற்சி பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கிறது. அதன் பெயர் சாரணியர் இயக்கம். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்குப் புல்புல், அதற்கு மேல் சாரணியர், கல்லூரி வயதில் ரேஞ்சர் என்று அதில் படிகள் உண்டு. முதலுதவி, கயிற்று முடிச்சு, கூடாரம் அடிப்பது, வரைபடம் பார்த்து வழி காண்பது, ஆறேழு பேர் கொண்ட சிற்றணியை நடத்திச் செல்வது என எல்லாவற்றையும் கற்றுத் தருகிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பெயர் பெற்ற நம் பாளையங்கோட்டைக்கு மேலப்பாளையத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் நம் பெண் பிள்ளைகள் நாள்தோறும் வந்து படிக்கிறார்கள். ஆனால் சாரணியரில் சேரச் சம்மதக் கடிதத்தை நீட்டினால், "அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா?" என்பதுதான் பல வாப்பாமார்களின் பதில்!

ஏன் இந்தத் தயக்கம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பொம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா?" என்கிறார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஏழு போர்களுக்குச் சென்று, உணவு சமைத்தார்கள், காயம்பட்டோருக்கு மருந்திட்டார்கள். ருஃபைதா (ரலி) அவர்களின் மருத்துவக் கூடாரத்தில்தான் அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) வைக்கப்பட்டார்கள். இந்த வரலாற்றை மேடையில் முழங்கினால் போதுமா? நம் மகள்கள் அதில் பங்கு பெற வேண்டாமா?

"உடுப்பு சரிவராதே?" என்கிறார்கள். சல்வார் கமீஸும் துப்பட்டாவும் சாரணியர் சீருடையில் அனுமதிக்கப்பட்டவையே. தலையை மறைப்பது பற்றிப் பொறுப்பாசிரியையிடம் முதலிலேயே மரியாதையோடு பேசிவிடுங்கள். சாரணியர் குழுவை நடத்துபவர் பெண்தான். ஆண் பிள்ளைகளின் சாரணர் குழு தனி. முகாம் என்று வரும்போது எங்கே தங்குவார்கள், உடன் வரும் ஆசிரியைகள் யார், தொழுகைக்கு வசதி உண்டா என்று கேட்டு, அதன் பிறகு முடிவு செய்யுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்காமலே மறுப்பது மகளுக்குச் செய்யும் அநீதி.

"உறுதிமொழி, பாட்டு என்று நம் ஈமானுக்கு இடைஞ்சல் வருமே?" இது நியாயமான கவலை. சாரணியர் உறுதிமொழி இறைவனுக்கும் நாட்டுக்கும் கடமையைச் செய்வேன், பிறருக்கு உதவுவேன் என்பதே. இறைவன் என்று சொல்லும்போது யாரை எண்ண வேண்டும் என்பது நம் பிள்ளைக்குத் தெரியும். மனம் ஒப்பாத பாடல் வந்தால் மரியாதையோடு மௌனமாக நிற்கலாம். தேசிய கீதத்தைப் பாடாமல் எழுந்து நின்ற கேரள மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. தீர்வு இருக்கும்போது ஓடி ஒளிவானேன்?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். இந்தியச் சிறுவர்களைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்க வெள்ளையர்கள் தயங்கிய காலம் உண்டு. அதனால்தான் 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். அன்று கதவு வெளியே இருந்து பூட்டப்பட்டிருந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது. நாமோ உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிறோம்!

2017 செப்டம்பரில் தமிழ்நாடு சாரண சாரணியர் இயக்கத் தலைவர் பதவிக்கு பாஜகவின் எச். ராஜா போட்டியிட்டார். அவர் தோற்றார், முன்னாள் பள்ளிக்கல்வி இயக்குநர் மணி வென்றார். சின்னப் பிள்ளைகள் விஷயம் என்று நாம் ஒதுக்கிவைத்த இயக்கத்தின் மதிப்பு மற்றவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. 2022இல் கர்நாடகத்தில் ஹிஜாபின் பெயரால் நம் பெண்களை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியபோது வீதிக்கு வந்து உரிமை கேட்டோம். சரியாகத்தான் கேட்டோம். அதே பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தனக்குக் கிடைக்கும் ஒரு வாய்ப்பைக் கேட்கும்போது, அவளை நாமே வெளியே நிறுத்தலாமா?

வணிகப் பெருமக்களே! சீருடை வாங்க முடியாமல் பின்வாங்கும் பிள்ளைகளில் பீடி சுற்றும் தாயின் மகளும் இருப்பாள். அவளுக்கு ஒரு சீருடை, பள்ளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, இரண்டு கூடாரம். உங்கள் ஒரு நாள் வியாபாரத்தில் இது பெரிய தொகையா? நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளில் சாரணியர் குழு இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள். நம் பட்டதாரி சகோதரிகள் பயிற்சி பெற்றுப் பொறுப்பாசிரியைகளாக முன்வரட்டும். அப்போது உடுப்பும் முகாமும் பற்றிய உங்கள் கவலைகளில் பாதி தானாகத் தீரும்.

இளைஞர்களே! உங்கள் தங்கைக்காக வாப்பாவிடம் பேச வேண்டியவர் நீங்கள்தான். வாப்பா வெளிநாட்டில் இருந்தால், பள்ளிக்குப் போய் விசாரித்து விவரம் சொல்லுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அண்ணன் சொல்லும் ஒரு வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு உண்டு.

தாமிரபரணி மறுபடியும் பெருகும். அன்று கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக்கு உதவ ஓடுகிறவளாக உங்கள் மகள் இருக்கட்டும். அதற்கான கல்வியையும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் பெண் மக்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.