இதனால் என்ன பயன்?



"இதைப் படித்து என்ன பயன் சார்?" என்று ஒரு மாணவராவது கேட்காத வகுப்பே கிடையாது. நல்ல கேள்விதான். 'குவாண்டம் ஈர்ப்பு' பற்றி ஆராயும் விஞ்ஞானிகளும் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்களின் வரிப்பணமும் அதில் செலவாகிறது அல்லவா?

குவாண்டம் ஈர்ப்பு என்றால் என்ன? மாம்பழம் கீழே விழுவதற்கும், பூமி சூரியனைச் சுற்றுவதற்கும் காரணம் ஈர்ப்பு விசை. இதை விளக்குவது ஐன்ஸ்டீன் 1915-ல் தந்த கோட்பாடு. அணு, எலக்ட்ரான் போன்ற மிகச் சிறியவற்றை விளக்குவது குவாண்டம் கோட்பாடு. தனித்தனியே இரண்டும் சரியான விடை தருகின்றன. ஆனால், கருந்துளையின் மையத்தில் என்ன நடக்கிறது என்று அறிய இரண்டையும் சேர்த்தால் கணக்கு உதைக்கிறது! இவற்றை இணைக்கும் கோட்பாட்டைத்தான் தேடுகிறார்கள்.

அதைச் சோதித்துப் பார்ப்பதும் கடினம். ஒரு சின்னக் காந்தத்தால் குண்டூசியைத் தூக்கிப் பாருங்கள். பூமி முழுவதும் சேர்ந்து கீழே இழுத்தும், ஜெயிப்பது காந்தம்தான். ஈர்ப்பு அவ்வளவு பலவீனமான விசை. இரண்டு அணுக்களுக்கு இடையே அதை எப்படி அளப்பது?

சரி, இந்த ஆராய்ச்சியால் புதிய கருவிகள் கிடைக்குமா? இன்று யாராலும் உறுதி கூற முடியாது. காலத்தில் பின்னோக்கிப் போகலாம் என்பதெல்லாம் சினிமாக் கதை.

ஆனால், ஒன்றை யோசியுங்கள். ஐன்ஸ்டீன் வழிகாட்டும் கருவி செய்ய உட்காரவில்லை. இன்று செல்போனில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், நம் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் வெறும் 38 பங்கு! அவரது கோட்பாடுகளின்படி இதைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் பிழை வரும்.

தேடிப் போகும் வழியிலும் பயன் உண்டு. அணுக்களை மிகவும் குளிரவைத்து, ஈர்ப்பை நுட்பமாக அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. 2022-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர், அப்படியொரு கருவியால் மண்ணுக்குள் இருந்த சுரங்கப் பாதையைத் தோண்டாமலே கண்டறிந்தனர். இதுபோன்ற நுட்பமான அளவீடுகளே, குவாண்டம் ஈர்ப்பைச் சோதிக்கவும் ஒருநாள் உதவலாம்.

தென்னை வைத்தவர் இளநீர் குடிப்பார். பனை வைத்தவரின் பேரன்தான் நுங்கு தின்பான். இந்த ஆராய்ச்சி பனை விதை. "என்ன பயன்?" என்று தாராளமாகக் கேளுங்கள். "இன்றைக்கே என்ன பயன்?" என்று மட்டும் கேட்காதீர்கள்!