வாட்டமெல்லாம் தாகமன்று

சிறுநீரக நோயாளியின் குடும்பத்தாரிடம் நான் மிகுதியாக மறுக்க நேரும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள், தெம்பு வந்துவிடும்." சோர்ந்து கிடப்பவருக்கு நீர் வேண்டும் என்பது அன்பு போடும் கணக்கு. சிறுநீர் போதிய அளவு பிரியாத உடலிலோ அந்த நீர் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும் தேங்கும். இதே கணக்குத்தான் நம் வீட்டுத் தொட்டிகளிலும் நடக்கிறது. பெரணமல்லூரிலும் சுற்றுப்புறங்களிலும் தறி போட்ட வீடுகளின் திண்ணையில் கற்றாழையும் பிரண்டையும் ரணகள்ளியும் இருக்கின்றன. அண்மைக் காலமாக அடினியமும் சேர்ந்துகொண்டது. சதைப்பற்றுள்ள இச்செடிகள் தொட்டியில் வறட்சியால் மடிவது அரிது. இலை துவண்டதும் இரக்கப்பட்டு ஊற்றப்படும் நீரால்தான் பெரும்பாலும் மடிகின்றன. நோயறியாமல் மருந்து கொடுப்பது மனிதருக்கு எவ்வளவு தவறோ, செடிக்கும் அவ்வளவு தவறு என்பது என் கருத்து.

இவற்றின் உடலமைப்பே வேறு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவரும் தாவரவியலாளருமான பெஞ்சமின் ஹைனே, ரணகள்ளியின் இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் புளித்த இலை நண்பகலில் சுவையற்றிருந்தது. இதை விவரித்து அவர் எழுதிய கடிதம் 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. காரணம் பிற்காலத்தில் விளங்கியது. வெயிலில் நீர் ஆவியாகாதபடி இச்செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அமிலமாகச் சேமித்து, மறுநாள் பகலில் செலவழிக்கின்றன. வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை மண்ணும் நீருமின்றி மாதக்கணக்கில் பசுமையாக இருப்பது திருஷ்டி கழிவதாலோ என்னவோ, இந்தச் சிக்கனத்தாலும்தான்.

ஆகவே செடி வாடினால் முதலில் குடத்தைக் கீழே வையுங்கள். விரலை இரு கணு ஆழத்திற்கு மண்ணில் செலுத்திப் பாருங்கள். மண் ஈரமாக இருந்து, இலை மஞ்சளித்து, ஒளி ஊடுருவுவது போல் நீர்கோத்து, தொட்டால் உதிர்ந்தால் அது நீர் மிகுதி. தண்டின் அடி கறுத்துக் குழைந்து நாற்றமெடுத்தால் அழுகல் தொடங்கிவிட்டது. மண் வறண்டு, இலை மெலிந்து சுருங்கியிருந்தால் தாகம். வடிய வடிய ஒருமுறை ஊற்றினால் சில நாட்களில் இலை நிமிரும்.

இடறும் இடம் ஒன்று உண்டு. வேர் அழுகிய செடியின் இலையும் சுருங்கும். சுற்றிலும் நீர் இருந்தும் உறிஞ்ச வேர் இல்லாததால் உண்டாகும் சுருக்கம் அது. இலையை மட்டும் பார்ப்பவர் தாகம் என்றெண்ணி மேலும் ஊற்றுவார். ஐயம் எழுந்தால் செடியைப் பிடுங்கிப் பார்ப்பதற்குத் தயங்க வேண்டாம். இவ்வகைச் செடிகள் அதைத் தாங்கும். உறுதியான, வெளிர்நிற வேர் நல்லது. பழுப்பேறி, இழுத்தால் தோல் வழுக்கிக் கழன்று வரும் வேர் இறந்தது.

அழுகலுக்குச் சிகிச்சை வெட்டுதான். சர்க்கரை நோயாளியின் காலில் கெட்ட சதையை அறுவை மருத்துவர் நல்ல சதை தெரியும்வரை நீக்குவது போலவே இதுவும். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் கத்தியை மீண்டும் துடைத்து, இன்னும் மேலே வெட்டுங்கள். தூய நிறம் வந்த பின் அத்துண்டை நிழலில் சில நாட்கள் காயவிட வேண்டும். வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டுமுன் நட்டால் கிருமி மறுபடி புகும். பின்பு நீர் தங்காத மண்ணில் நட்டு, ஒரு வாரம் நீரின்றி விடுங்கள். இந்த ஒரு வாரம்தான் பலருக்குக் கடினம்! ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் உடைந்த செங்கல்லைப் பொடித்துத் தூசு போகச் சலித்து, மண்ணோடு சம அளவு கலக்கலாம். அடியில் துளையில்லாத பீங்கான் கோப்பையில் செடியை வைத்து விற்பவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. அழகுக்காகச் செய்யும் கொலை அது.

இலையிடுக்கில் பஞ்சுபோல் வெண்மை தெரிந்தால் மாவுப்பூச்சி. எறும்பு சாரையாகச் செடியில் ஏறினாலும் ஐயப்படுங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புநீருக்காக வருகிறது அது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பூச்சியைத் துடைத்தெடுத்து, மற்றச் செடிகளிலிருந்து தொட்டியைப் பிரித்து வையுங்கள். சப்பாத்திக்கள்ளியின் மீதுள்ள வெண்பஞ்சை நசுக்கினால் ஆழ்ந்த சிவப்பு வரக்கூடும். பட்டுக்குச் சாயமேற்றும் ஊரார்க்கு இதில் சுவையிருக்கும்: அது காக்கினீல் எனும் சாயப்பூச்சியின் இனம். சாயம் எடுக்கக் கம்பெனியார் ஆர்வத்தோடு 1795-இல் இந்தியாவுக்கு வருவித்தபோது, உயர்ந்த சாயம் தரும் இனத்திற்குப் பதில் வேறோர் இனம் வந்து சேர்ந்தது. சாயத்தில் அது சோபிக்கவில்லை. கள்ளியை அழிப்பதில் வல்லதாக இருந்தது. பின்னர்க் கள்ளிப் புதர்களை ஒழிப்பதற்கென்றே தென்னிந்தியாவில் அதைப் பரப்பினார்கள்.

தண்டு வெளிறி, நீண்டு, சன்னல் பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. உடனே உச்சி வெயிலில் வைத்துவிடாதீர்கள், வெந்து பழுப்பாகும். காலை வெயிலில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்தாலே பாதிச் செடிகள் பிழைக்கும்.

மருத்துவனாக இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டியெறியும் கற்றாழை மடலை வீணாக்க மனமின்றிச் சாறாக்கி நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். தோலை ஒட்டிக் கசியும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கி, உடலின் நீரையும் பொட்டாசியத்தையும் குறைக்கும். பழுதுபட்ட சிறுநீரகத்துக்கும் இதய மருந்து உண்பவருக்கும் அது பேராபத்து. திருகுக்கள்ளியை வெட்டும்போது கண்ணாடி அணியுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் தூய நீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பெயர் தெரியாத செடியானால் அதன் சிறு கிளையொன்றைப் பையிலிட்டு உடன் எடுத்து வாருங்கள்.