பதக்கமும் குண்டும்

இந்திர லால் ராய், 1898இல் கல்கத்தாவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டனின் போர் விமானி. 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் பத்து வான்வெற்றிகள் அவர் கணக்கில் ஏறின. அதே மாதம் 22ஆம் தேதி பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19. செத்த பிறகு பதக்கம் கொடுத்தார்கள். 1998இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

'இந்தியாவின் பெருமை' என்று கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். நாம் முடிக்க மாட்டோம், தோழர்களே.

ராய் இறந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 1919 ஏப்ரல் 14, ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு மறுநாள். பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில் கிளர்ந்தெழுந்த மக்கள்மீது விமானத்திலிருந்து குண்டு வீசியது யார்? ராய் உயிரைக் கொடுத்த அதே ராயல் விமானப்படை. கால்சா உயர்நிலைப் பள்ளியின் மாணவர் விடுதியையும் அது விடவில்லை.

அந்த இளைஞரின் துணிச்சலை நாம் பழிக்கவில்லை. அவர் சாவுக்கு வருந்துகிறோம். ஆனால் பதக்கத்தைக் கொண்டாடுகிறவர்கள் குண்டை ஏன் மறைக்கிறார்கள்? ஆதிக்கத்துக்காகச் சிந்தும் ரத்தம் யாருக்கும் உரிமை வாங்கித் தராது. ராயின் பெயரைச் சொல்லும் மேடையில் குஜ்ரன்வாலாவின் பெயரையும் உரக்கச் சொல்லுவோம்.