முதல் வரிக்கு யார் ஏலம் எடுத்தது?

போன மாதம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பாதித் துவைப்பில் நின்றுவிட்டது. செல்பேசியில் கம்பெனி பெயரைப் போட்டு, பக்கத்தில் 'சர்வீஸ் சென்டர்' என்றும் சேர்த்துத் தேடினேன். முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டேன். அரை மணியில் ஒரு பையன் வந்தான். பார்த்ததற்கு 500 ரூபாய், ஏதோ ஒரு பாகம் மாற்றியதற்கு 2,300 ரூபாய். ரசீதைப் பார்த்தபோதுதான் அதில் கம்பெனி பெயரே இல்லை என்று கவனித்தேன். மறுநாள் காலை மெஷின் மறுபடியும் நின்றது.

ஊரிலிருந்து வந்திருந்த பேத்தி என் போனை வாங்கிப் பார்த்தாள். "தாத்தா, நீங்க கூப்பிட்டது விளம்பரம். கம்பெனியோட சொந்த நம்பர் நாலாவதா கீழே இருக்கு பாருங்க" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முதல் வரியின் தலைமேல் பொடி எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று இருந்தது. பணம் போனதைவிட அந்தப் பொடி எழுத்துதான் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் 32 வருடம் நகராட்சி வருவாய்ப் பிரிவில் ஏலம் நடத்தியே பிழைத்தவன் நான்.

எங்கள் பேருந்து நிலையக் கடைகளை மூன்று வருடக் குத்தகைக்கு ஏலம் விடுவோம். நுழைவாயில் கடைக்குத்தான் அடிதடி. பஸ்ஸை விட்டு இறங்குபவன் முதலில் கண்ணில் படும் கடையில்தான் டீ குடிப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். தேடல் பக்கத்தின் முதல் வரியும் அதே நுழைவாயில் கடைதான். ஆனால் அங்கே ஏலம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இல்லை. நீங்களும் நானும் ஒவ்வொரு முறை தேடும்போதும், கண் இமைக்கும் நேரத்தில் ஒரு ஏலம் நடந்து முடிகிறது. விளம்பரத்தை யாராவது விரலால் தொட்டால்தான் விளம்பரதாரர் பணம் கட்டுவார்.

இந்த முறையை 1998-இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் தன்னுடைய கோட்டூ டாட் காம் தளத்தில் கொண்டுவந்தார். அங்கே அதிகம் கேட்டவருக்கு முதலிடம், அவ்வளவுதான். கூகுள் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அதையும் ஏல முறைக்கு மாற்றியது. ஆனால் ஒரு திருத்தத்தோடு. கேட்கும் தொகையை மட்டும் பார்க்காமல், அந்த விளம்பரத்தை மக்கள் எவ்வளவு விரும்பித் தொடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பெருக்கியது.

ஒரு கணக்காகச் சொல்கிறேன். 'இன்வெர்ட்டர் பேட்டரி' என்ற சொல்லுக்கு இரண்டு கடைக்காரர்கள் போட்டி போடுகிறார்கள். முதல் கடைக்காரர் ஒரு தொடுகைக்கு 20 ரூபாய் கேட்கிறார். அவர் விளம்பரத்தின் தரத்துக்கு 4 மதிப்பெண். பெருக்கினால் 80. இரண்டாமவர் 12 ரூபாய்தான் கேட்கிறார். ஆனால் தரம் 8. பெருக்கினால் 96. எனவே குறைவாகக் கேட்டவருக்குத்தான் மேலிடம். அவர் 12 ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. கீழே இருப்பவரின் 80-ஐத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ, அதாவது 10 ரூபாய்க்குச் சற்று மேலே கட்டினால் போதும். இன்றைய கணக்கு இதைவிடச் சிக்கலானது. அடிப்படை இதுதான்.

ஏலம் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நல்ல ஏற்பாடு. எங்கள் நகராட்சியில் டீ நன்றாகப் போடுகிறவருக்கு மதிப்பெண் கொடுக்க வழியே இருந்ததில்லை. பணம் வைத்திருந்தவர் எடுத்தார். ஆகவே ஏலத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் அறிவிப்புப் பலகையின் மேல்தான்.

எங்கள் ஏலத்தில் எந்தக் கடை யாருக்கு, எவ்வளவுக்குப் போனது என்று ஊரறியப் பலகையில் ஒட்டுவோம். கோட்டூ தளமும் ஒவ்வொரு வரிக்கும் விளம்பரதாரர் எவ்வளவு கொடுக்கிறார் என்பதைத் தேடுபவர் கண்ணெதிரிலேயே காட்டியது. கூகுளிலும் ஆரம்பத்தில் விளம்பரங்களுக்குப் பின்னால் தனி நிறம் பூசியிருந்தார்கள். 2013-14 வாக்கில் நிறம் போய், மஞ்சள் கட்டத்தில் ஒரு சிறு சொல் வந்தது. பிறகு மஞ்சள் பச்சையாயிற்று, பச்சை கறுப்பாயிற்று. இப்போது விளம்பரமும் விடையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. கூகுளை நிறுவிய செர்கேய் பிரின்னும் லாரி பேஜும் 1998-இல் மாணவர்களாக இருந்தபோது எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி தேடுபவரைவிட விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கையை அவர்களே திரும்பப் படித்தால் நல்லது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் தேடியது ஒரு கம்பெனியின் பெயரை. அந்தப் பெயருக்கே வேறொருவர் ஏலம் கேட்க முடிகிறது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயரை வைத்து வந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மற்றவரின் வணிகப் பெயரை விளம்பரச் சொல்லாக வைப்பது மட்டுமே உரிமை மீறல் ஆகிவிடாது, ஆனால் மக்களைக் குழப்பினால் ஆகும் என்றது. கூகுள் இதில் வெறும் வேடிக்கை பார்ப்பவர் இல்லை என்றும் சொன்னது. சரியான தீர்ப்பு என்பது என் எண்ணம். இல்லையென்றால் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரைத் தேடி வருகிறவர் தன்னிடமே வந்து சேர்வதற்கும் ஏலம் கேட்க வேண்டும். சொந்த வீட்டுத் திண்ணையில் உட்காரத் தரைவாடகை கட்டுவது போல. அந்த வாடகையும் கடைசியில் நம் பில்லில்தான் ஏறும். நுழைவாயில் டீக்கடையில் டீ விலை எப்போதும் கூடுதலாக இருந்ததன் காரணமும் அதுதான்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. 'இது காசு கொடுத்து வாங்கிய இடம்' என்பதை எழுபது வயதுக் கண்ணுக்கும் தெரிகிற அளவில், தனி நிறத்தில், தமிழில் தேடுபவருக்குத் தமிழிலேயே போடுங்கள். அதற்குச் சட்டம் வேண்டுமானால் சட்டமும் வரட்டும். ஊசிப்போன பண்டத்தை விற்பது மட்டும் தப்பில்லை. எது கடை, எது கடைக்காரன் தட்டி என்று தெரியாமல் வைப்பதும் தப்புதான்.

அதுவரை நம் வயதுக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். ரிப்பேர், ஆஸ்பத்திரி, பேங்க் என்று எதைத் தேடினாலும் முதல் வரியைத் தொடாதீர்கள். விரலால் தள்ளிக் கொஞ்சம் கீழே போய், தலைமேல் அந்தச் சொல் இல்லாத வரியைப் பாருங்கள். அவசரத்தில் இருக்கும்போதுதான் நாம் தப்புச் செய்கிறோம்.

எங்கள் மெஷினைக் கம்பெனி ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். அவர் போகும்போது மெஷினின் பக்கவாட்டைக் காட்டினார். கம்பெனியின் எண் அங்கேயே ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தது. ஆறு வருடமாக அதன்மேல்தான் நாங்கள் துண்டு காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.