சமையலறைச் செலவு சுவருக்குள் தொடங்கட்டும்

கொட்டிவாக்கத்திலும் அதற்கு வடக்கே பெசன்ட் நகர், அடையாறு பக்கத்திலும் ஐம்பது ஆண்டுகளை நெருங்கிய, தாண்டிய தனி வீடுகள் இன்னும் நிற்கின்றன. மொட்டைமாடி, நீண்ட சன்ஷேடு, படிக்கட்டுச் சுவரில் சிமெண்ட் ஜாலி, மொசைக் தரை என்று வெயிலும் காற்றும் அறிந்து கட்டியவை. அடுத்த தலைமுறை குடிவரும்போது இவற்றில் முதலில் உடைபடுவது சமையலறைதான். கடப்பா கல் அலமாரி குப்பை வண்டியில் ஏறுகிறது; மாடுலர் கிச்சன் உள்ளே வருகிறது. பழைய சமையலறையை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கெட்டுப்போனதை அப்படியே விட்டுவிட்டு, நன்றாக இருப்பதை இடிக்கிறோம்.

கடற்கரை ஊரில் உப்புக் காற்று கீலையும் டிராயர் ரன்னரையும் துருவேற்றும். மலிவான பார்ட்டிகிள் போர்டின் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் அது உப்பிவிடும். நம்முடையதோ ஈரச் சமையல்: அரிசி களைவது, மாவு அரைப்பது, மேடையைக் கழுவிவிடுவது தினசரி வேலை. கடப்பா பலகையைக் கரையானும் தொடாது, தண்ணீரும் ஊறவைக்காது. அது சுண்ணாம்புக் கல் இனம் என்பதால் புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்டால் தடம் விழும். ஆகவே மேடைக்கு கிரானைட் போடுவது நியாயம். அலமாரியை உடைக்கக் காரணமே இல்லை. ஜன்னலும் அப்படித்தான். மேல் கேபினட்டுக்காக வென்டிலேட்டரை அடைத்துவிட்டு, வெளிக்குழாய் இல்லாத சிம்னியை மாட்டுகிறார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை வடிகட்டும். சூட்டையும் நீராவியையும் திரும்ப அறைக்குள்ளேயே விடும்.

உண்மையில் பழசாகிப்போனது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அந்தக் காலத்து 5 ஆம்பியர் பாயிண்ட் அதற்குப் போட்டதல்ல. உப்புநீர் ஓடிய ஜி.ஐ. குழாய் உள்ளுக்குள் துருவேறிச் சுருங்கியிருக்கும். அடுத்தது மேடையின் உயரம். நின்று சமைப்பவரின் முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் முதுகு வளைய வேண்டியதில்லை. இன்றைய மாடுலர் கிச்சனின் முன்னோடி, 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறை. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதற்குக் கை நீட்டுகிறார் என்று பார்த்துத் திட்டமிட்ட அறை அது. அதிலும் வெளிச்சத்துக்கு ஜன்னல் இருந்தது. நாம் கதவுகளை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை விட்டுவிட்டோம்.

திறந்த அலமாரியில் தூசியும் கரப்பானும் சேரும் என்பார்கள். உண்மைதான். அதற்கு அலுமினியச் சட்டத்தில் கதவு மாட்டினால் போதும். உள்ளே கல் அப்படியே இருக்கலாம். இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. பழைய சமையலறை பெண்ணை வீட்டின் பின்கட்டில் ஒதுக்கிவைத்தது, அதைக் காப்பாற்றச் சொல்வது அந்த ஒதுக்கலையும் காப்பாற்றுவது என்பது. இந்தக் குறை நிஜம். எனவே சாப்பாட்டு அறைப் பக்கத்துச் சுவரைப் பொறியாளரிடம் காட்டி, பாரம் தாங்காத சுவர் என்றால் திறந்துவிடலாம். கொல்லைப்பக்க ஜன்னலும் கதவும் மட்டும் இருக்கட்டும். தாளிப்பு நெடி கூடத்துக்கு வராமல் வெளியேற அவைதான் வழி. பளபளப்பான கிச்சன் இருந்தால் வீடு நல்ல விலைக்குப் போகும் என்பதும் சிலருக்கு ஒரு காரணம். விற்கும் நாள் ஒன்று. அதுவரை அங்கே தினமும் மூன்று வேளை அடுப்பு எரிய வேண்டும்.

ஆகவே கொட்டேஷன் கேட்கும்போது வரிசையை மாற்றிக் கேளுங்கள். முதலில் தனி ஒயரிங், எர்த், பிறகு குழாய், வடிகால், பிறகு மேடை உயரம், எக்ஸாஸ்ட், கடைசியில் ஷட்டர். இந்த வரிசையில் போனால், பாதியில் கையிருப்பு தீர்ந்தாலும் நிற்கப்போவது நாலு கதவு வேலைதான். மறுநாளே பாதுகாப்பாக அடுப்பு மூட்டலாம்.