சொல்லாமையும் பண்பே

கதை கேட்கும் ஆவல் மனிதனோடு பிறந்தது. ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று பாட்டியின் மடியிலிருந்து கேட்கும் குழந்தையும், தொடர்கதையின் அடுத்த பகுதிக்குக் காத்திருக்கும் முதியவரும் அவ்வாவலால் ஒரு நிலையினரே ஆவர். கதையாசிரியன் ஒன்றைக் காட்டி, ஒன்றை மறைத்து, ஐயத்தை வளர்த்து, உரிய இடத்தில் உண்மையை வெளிப்படுத்துகிறான். அவன் பல நாள் உழைத்து அமைத்த அவ்விடத்தை, கதையை முன்னரே அறிந்த ஒருவர் ஒரு சொல்லால் அழித்துவிடலாம். கொலையாளி இன்னான் என்று கூற ஒரு நொடி போதும். கேட்டதைக் கேளாததாக்க எவராலும் இயலாது. ஆதலின், முடிவைக் காக்கும் பொறுப்பு ஆசிரியனுக்கு மட்டும் உரியதன்று. முடிவை அறிந்தவர் அனைவர்க்கும் உரியது.

இப்பொறுப்பை மக்கள் விரும்பி ஏற்பர் என்பதற்கு இலண்டன் மாநகரில் ஒரு சான்று உண்டு. அகதா கிறிஸ்டி எழுதிய ‘மவுஸ்ட்ராப்’ என்னும் நாடகம் 1952ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25ஆம் நாள் அந்நகரில் அரங்கேறியது. ‘எலிப்பொறி’ என்பது அப்பெயரின் பொருள். பனியால் வழி அடைபட்ட விடுதியொன்றில் தங்கியுள்ளோருள் கொலையாளி யார் என்பதே கதை. 1974ஆம் ஆண்டில் அருகிலிருந்த அரங்கிற்கு அது மாறியது. பெருந்தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நின்று, 2021ஆம் ஆண்டு மே திங்களில் மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்வந்து, இம்மறைபொருளை உள்ளத்திலேயே வைத்துக் காக்குமாறு அவையினரை வேண்டுவது மரபு. இவ்வேண்டுகோளுக்குச் சட்டத்தின் துணை இல்லை, தண்டனையும் இல்லை. எனினும், அரங்கை விட்டு வெளியேறும் மக்கள், அடுத்த நாள் வருவோரின் இன்பத்திற்குக் காவலராகின்றனர்.

‘முடிவு தெரிந்தால் என்ன? நம் நாட்டுக் கூத்துகளில் கதை தெரியாதவர் யார்?’ என்று சிலர் வினவுவர். வினா நன்றே. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்தைக் காண அமரும் சிற்றூர் மக்கள் அனைவரும், பதினெட்டாம் நாளில் துரியோதனன் வீழ்வான் என்பதை அறிவர். அறிந்தே இரவெல்லாம் கண்விழிக்கின்றனர். அங்கு இன்பம் ‘என்ன நிகழும்’ என்பதில் இல்லை. ‘எவ்வாறு நிகழ்த்துவர்’ என்பதில் உள்ளது. துப்பறியும் கதையிலோ அறியாமையே இன்பத்தின் வித்து. முன்னதற்கு உரிய நியாயத்தைப் பின்னதற்குப் பொருத்துதல் தகாது.

அறிவியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரிலுள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். முடிவை முன்னரே அறிந்து சிறுகதைகளைப் படித்தோர், அறியாது படித்தோரினும் சற்று மிகுதியாகவே அவற்றை விரும்பினர் என்பது அவர்தம் முடிபு. இதனைக் கேட்டவர், ‘முடிவைச் சொல்வது தீங்கன்று’ என்று வாதிடலாம். ஆனால் இங்கு எழும் கேள்வி இன்பத்தின் அளவைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. பிறருக்கு வந்த மடலைப் பிரித்துப் படித்துக் காட்டுபவன், ‘நற்செய்திதானே சொன்னேன்’ என்று கூறித் தப்ப இயலுமோ? முடிவை முன்னரே அறிய விரும்புவோர் கேட்டு அறியலாம், விரும்பாதோர் காத்திருக்கலாம். அத்தேர்வு கேட்பவருக்கே உரியது.

இவ்வுண்மையை உணர்ந்தால் நடைமுறை எளிதாகும். கதையைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் ‘பார்த்தாயிற்றா?’ என்று ஒரு சொல் கேட்டல் வேண்டும். ஒருவர் ‘இல்லை’ எனின், பேச்சை அவர் அறிந்த எல்லையோடு நிறுத்துதல் வேண்டும். பலர் படிக்குமாறு எழுதும்போது, முடிவு பின்னர் வருகிறது என்று முதலிலேயே அறிவித்தல் வேண்டும். தலைப்பிலேயே அதனை எழுதிவிட்டு, உள்ளே எச்சரிக்கை செய்வதால் பயனில்லை. ‘அவனை மட்டும் நம்பிவிடாதே’ என்று புன்னகையோடு குறிப்புக் காட்டுவதும் ஒருவகை வெளிப்பாடே. கைப்பேசி வழியே ஒருவர் விளையாட்டாக எழுதும் வரி, நொடிப்பொழுதில் ஆயிரவர் கண்ணிற் படும் காலம் இது. வள்ளுவர் ‘அவையறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவை கண்ணுக்குப் புலனாகாத இக்காலத்தில் அவ்வறிவு முன்னினும் மிகுதியாக வேண்டப்படுகிறது.

ஆயினும், சொல்லாமைக்கும் எல்லை உண்டு. ஒருவர் பார்க்கவில்லை என்பதற்காக உலகமே வாய்மூடி இருத்தல் இயலாது. முடிவை ஆராயாமல் சிறந்த திறனாய்வு செய்தலும் அரிது. 2010ஆம் ஆண்டில், இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியா ‘மவுஸ்ட்ராப்’ நாடகத்தின் முடிவை வெளியிட்டிருப்பது குறித்துக் கிறிஸ்டியின் குடும்பத்தார் வருந்தினர். களஞ்சியத்தாரோ அதனை நீக்க இசையவில்லை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தேடி வருபவர்க்கு எடுத்துக் கொடுப்பது வேறு; தேடாதவர் செவியில் திணிப்பது வேறு. அவ்வாறே, இன்னும் பாராதவரும் தம் நிலையை வெளிப்படக் கூறி, பார்த்தவர் கூடிப் பேசும் இடத்தினின்று சற்று விலகி நிற்றல் முறையாகும்.

பழைய கதைக்கு இம்முறைமை எதற்கு என்று எண்ணுதலும் பொருந்தாது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு முதல் வார இதழில் தொடராக வெளிவந்தது. வாரந்தோறும் காத்திருந்து படித்தோரின் பெயரன் பெயர்த்தியர், 2022ஆம் ஆண்டில் அக்கதையைத் திரைப்படமாகக் கண்டனர். கதை பழையது; அவர்தம் ஆவலோ புதியது. அருகில் அமர்ந்து, அனைத்தும் அறிந்திருந்தும் ஒன்றும் கூறாது, இளையோரின் முகத்தில் தோன்றும் வியப்பைக் கண்டு மகிழ்ந்த பாட்டனார், தாம் முன்பு பெற்ற இன்பத்தைக் குறையாமல் அவர்க்கு வழங்கியவர் ஆவார். அறிந்ததைச் சொல்லிப் பெறும் பெருமையினும், சொல்லாது காத்துப் பெறும் அம்மகிழ்ச்சி உயர்ந்தது.